தாலி கட்டும் நேரத்தில் ஓர் அருவி

என் அம்மாவை நீ வெட்டினாய். தென்காசி ஸ்டுடியோவின் பின்னறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, உன் கையால் வெட்டினாய்.

நேற்று சித்தி வீட்டு அலமாரியை ஒழித்தபோது அவளுடைய கல்யாண டிவிடி கிடைத்தது. உறையில் சித்தியும் சித்தப்பாவும் ஒரு ரோஜாப்பூவுக்குள் நின்று சிரிக்கிறார்கள். வட்டின் பின்பக்கம் முழுக்கப் பற்பசை தேய்த்த தடம். அம்மா தேய்த்தது.

ஒரே பெஞ்சில் பிளஸ் டூ முடித்ததும் நான் கல்லூரிக்குப் போனேன், நீ வீடியோ மிக்சிங் வேலைக்குப் போனாய். கேசட் போய் டிவிடி வந்த புதிது. மெனுவை முதன்முதலில் எனக்குக் காட்டியது நீதான்.

“ஏட்டி, இங்கன பாரு. பொண்ணழைப்பு தனி, தாலி கட்டு தனி, பந்தி தனி. ரிமோட்ல அமுக்குனா நேரா அங்கன போயிரும்.”

“அப்ப மாப்ள மூஞ்சியப் பாக்காமலே பந்திக்குப் போயிரலாம்.”

“உனக்கு வாரவன் மூஞ்சிக்கு அதான் சரி” என்றாய்.

எங்கே ஒட்டுப்போட வேண்டியிருந்தாலும் குற்றால அருவியைப் போடுவீர்கள். சாரல் சீசனில் எடுத்து வைத்த காட்சிகள். கேமரா ஆடினால் மெயினருவி. பந்தியில் சண்டை வந்தால் ஐந்தருவி. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் அருவி வருவது இயல்புதானே.

சித்தியின் கல்யாணம் இலத்தூரில் நடந்தது. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதிரசம் சுட அம்மா வேண்டும், சீர்ப்பாத்திரம் துலக்க அம்மா வேண்டும், மேடையில் மட்டும் அவள் கூடாது. தாலி ஏறியதும், தூணோரம் நின்றவளைச் சித்தியே கைநீட்டிக் கூப்பிட்டாள். அம்மா ஏறினாள். அட்சதை போட்டாள். சித்தியின் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னாள். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சித்திக்கும் கேட்கவில்லையாம். ஆனால் கேமரா பக்கத்தில்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் குற்றாலத்தில் பெரிய மாமா வீட்டில் எல்லோரும் கூடினோம். புது டிவிடி பிளேயர், மேலே எம்பிராய்டரி போட்ட துணி. தாலி ஏறியது. மேளம் உச்சத்துக்குப் போனது. அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். திரையில் ஐந்தருவி விழுந்தது. அது முடிந்தபோது மாப்பிள்ளை சித்திக்கு மெட்டி போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஏறுனது தாவிட்டே. தூசி இருக்கும்” என்று எழுந்து, வட்டை வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் ஐந்தருவி. மறுபடியும் துடைத்தாள்.

“கீறல் உழுந்துருக்கும், விடு” என்றார் மாமா. வெட்டச் சொன்னவர் அவர்தான். அந்த அறையில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருந்தது. கீறல் விழுந்தால் படம் கட்டம் கட்டமாய் உடைந்து நிற்கும், இத்தனை தெளிவாய் அருவி விழாது. எனக்கும் புரிந்துவிட்டது. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயம். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று எவளோ சொல்ல, அடுத்த வாரம் அம்மா அதையும் செய்தாள்.

வாயில்லாத என் கோபம் உன்னிடம்தான் வந்தது. ஸ்டுடியோ வாசலிலேயே கத்தினேன்.

“ஓனர் அண்ணாச்சி சொல்லுதாரு, நான் வெட்டுதேன். நான் வெட்டலன்னா இன்னொருத்தி வெட்டுவா.”

“கேமராவுல ஓடுன அந்தக் கேசட்டக் குடு.”

“அதுல அடுத்த கல்யாணம் எடுத்தாச்சுட்டி. இங்கன கேளு, உங்கம்ம அங்கன என்ன சொன்னான்னா...”

“நீ பேசாத. உன் வாயால எங்கம்ம பேச்ச எடுக்காத” என்று சைக்கிளைத் திருப்பினேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை எதிரே வந்தாய். நான் கடைப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே கடந்து போனேன்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாண டிவிடியைப் பார்த்தாலும் அருவி வரும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன். இங்கே யார் நின்றது? வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அக்கா. சாதி விட்டுக் கட்டிக்கொண்டவளாம். சிவகிரியில் ஒன்றில், மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்த பண்ணையாள். விசாரித்தால் யாராவது சொல்லிவிடுகிறார்கள். மாமாக்கள் மட்டும் எந்த அருவிக்குப் பின்னாலும் இல்லை.

அம்மா போன வருடம் இறந்தாள். அவள் பேசிய எதுவும் எங்களிடம் பதிவாக இல்லை. உன்னைத் தேடி வரவேண்டும் என்று நினைத்தேன். பொங்கல் கழியட்டும் என்றேன். மாசியில் உன் அண்ணன் போன் செய்தார். மஞ்சள்காமாலை, பத்தே நாளில் நீ போய்விட்டாய் என்றார்.

வெட்டும் இடத்தைச் சரியாகப் பிடிக்க, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பாய். அவள் குரலை ஹெட்போனில் கேட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். இன்று நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். சொல்லுட்டி, அம்மா என்ன சொன்னாள்?