தலையணைக்குள் ஃபகில் பூ

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

பர் துபாய் கோயிலில் என் சேலையில் பியர் வாசம் அடித்ததாக உங்கள் தங்கச்சி சொன்னது உண்மைதான். "குடிகாரியா ஆயிட்டியா? உடனே ஊருக்கு வந்து சேரு" என்று நீங்கள் போனில் கத்தியதும் நன்றாகவே கேட்டது.

இந்த வீட்டு இங்கிலீஷ் மேடம் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறார். கிண்டுவது நான். அதில் போடுவது ஃபகில் என்று அவர்கள் ஊர்க் காய்ந்த பூ. கொதி தொடங்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். இறக்கும் நேரத்தில் போட்டால் ஈர மண்ணும் புதினாவும் கலந்த மாதிரி மணக்கும். நான் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடித்தால் மனுஷன் என்ன ஆவான் என்று உங்களிடமே பார்த்துவிட்டேன்.

மிஞ்சிய பூவைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தால் தூக்கம் வரும் என்றார் மேடம். தைத்துக்கொண்டேன். கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுவதெல்லாம் நின்றுவிட்டது.

நான் வரமாட்டேன். பிள்ளைகளை என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வருவார், தடுக்காதீர்கள்.

அவர்களுக்கும் இரண்டு சின்னத் தலையணை தைத்து அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு அனுப்பவில்லை. அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவர் நீங்கள் ஒருவர்தானே.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா