ஹீலியம் தீர்ந்த பிறகு

ஓசூர்,
20.11.2005

அன்புள்ள என்னவருக்கு,

டெல்சி எழுதுவது. மாதா கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது. மாமாவுக்கு சிப்காட்டில் இந்த வாரம் பகல் ஷிப்ட்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். செப்டம்பரில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு பழைய பேப்பரைப் பார்த்தேன். ஜப்பான் செயற்கைக்கோளில் இருந்த எக்ஸ்-ரே கருவி ஒன்று, அதைக் குளிர வைக்கும் திரவ ஹீலியம் முழுவதும் ஆவியாகி, ஏவிய ஒரு மாதத்துக்குள் செத்துப்போனதாம். உங்கள் கருவிதான்; நீங்கள் கடல் தாண்டி ஆராய்ச்சிக்குப் போனதே அதை நம்பித்தான். வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சத்தில் அதிர்ச்சி அலை இரும்பையும் சிலிக்கானையும் எவ்வளவு சூடாக்குகிறது என்று அளக்க அதற்காகத்தானே காத்திருந்தீர்கள்? ஆனால் அந்த ஞாயிறு போனில், "டேட்டா வந்துகிட்டே இருக்கு டெல்சி, கோடு கோடா அவ்ளோ தெளிவா இருக்கு" என்றீர்கள்.

அதே செயற்கைக்கோளில் வேறு கேமராக்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றில் பார்த்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நானும் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள். அவற்றில் அவ்வளவு மெல்லிய நிறமாலைக் கோடுகள் பிரிந்து தெரியாது என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

பிறகு எல்லாமே உறுத்தியது. லேபில் இருப்பதாகச் சொல்வீர்கள். பின்னால் தட்டு கழுவும் சத்தம் கேட்கும், ஒரு பெண் சிரிப்பாள். மாமா ஒருநாள், பெற்ற மகன் என்றும் பார்க்காமல், "அவன் என்னமோ மறைக்கறான்ம்மா. அங்க வேற குடும்பம் வெச்சிருக்கானான்னு கேளு" என்றார். உங்களுக்காக அவரோடு சண்டை போட்டேன். சண்டை போட்ட பிறகு நானே அதை நம்ப ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பூத்திலிருந்து உங்கள் லேபுக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். எடுத்த அம்மாளிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். பென்சன் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆராய்ச்சியை விட்டுப் போய்விட்டார் என்றாள். உங்கள் சாமான்கள் ஒரு பெட்டியில் கிடக்கின்றனவாம், எங்கே அனுப்ப என்று என்னையே கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

மாமாவிடம் லைன் கிடைக்கவில்லை என்றேன். இப்போது இந்த வீட்டுக்குப் பொய் சொல்பவர்கள் நாம் இரண்டு பேர்.

ஓட்டலில் வேலை பார்க்கிறீர்களா, இன்னொருத்தியோடு இருக்கிறீர்களா, எனக்குத் தெரியாது. ஓட்டல் என்றால் அதில் என்ன வெட்கம்? கருவி செத்தது உங்கள் தப்பா? இன்னொருத்தி என்றால், அதை நான் உங்கள் வாயால்தான் கேட்க வேண்டும். பழைய அறை விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். கிடைத்தால், அடுத்த முறை போனில் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசாதீர்கள். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அது எந்த இடமானாலும், மாதா அங்கே உங்களைக் காக்கட்டும்.

உங்கள்,
டெல்சி