ஏழாவது குச்சி

கடலுக்கு அப்பால் எங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் என் அன்பு மச்சான் செபமாலைக்கு,

இது நான் எழுதும் முதல் கடிதம். முந்தநாள் தொடங்கினேன். எழுத்து ஒவ்வொன்றையும் மூட்டை இறக்குவதுபோல மெதுவாகக் கொண்டுவந்து வைக்கிறேன். அவசரம் இல்லை. உங்களுக்கும் அங்கே அவசரம் இருக்காதுதானே?

ஓம் மச்சான், நான் படித்துவிட்டேன். கோயில் மண்டபத்தில் வயது போனவர்களுக்கென்று ஒரு சிஸ்டர் பின்னேரங்களில் வகுப்பு வைக்கிறார். எண்பது கடந்தவன் நான் ஒருவன்தான். இப்போது மருந்துப் பெட்டி, தேயிலைப் பைக்கற், கடைப் பலகை எல்லாம் என்னோடு பேசுகின்றன. உங்கள் தங்கை திரேசா என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருக்கிறாள். "நீங்கள் பஸ் போர்ட்டை வாசிச்சு முடிக்க முதல் அது மன்னாருக்குப் போய்த் திரும்பி வந்திடும்" என்கிறாள். வரட்டுமே.

இந்தக் கடிதத்தைக் கோயில் ஆண்டு மலரில் போடவேண்டும் என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் மற்றவர்களுக்காகச் சொல்லவேண்டி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைமன்னார் பியர் இறங்குதுறைக்கு இந்தியாவிலிருந்து கப்பல் வந்த காலத்தில் நாங்கள் இருவரும் அங்கே மூட்டை தூக்கினோம். காதில் பேனையைச் செருகிக்கொண்டு மூட்டை தூக்கிய ஒரே ஆள் நீங்கள். எட்டாம் வகுப்புவரை படித்தவர்; சங்கத்தின் செயலாளர். சங்கத் தலைவர் பதவிக்குக் குருசுமுத்துவும் நானும் போட்டியிட்டோம். முதல் வருசம் கை தூக்கித்தான் வாக்கெடுத்தோம். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஓவசியர் கந்தோர் யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை தூக்கியவர்களுக்கு அடுத்த கிழமை முழுக்க வேலை கிடைக்கவில்லை.

அதன் பிறகுதான் நீங்கள் குச்சியை நினைத்தீர்கள். ஒரு மூட்டை தூக்கினால் ஒரு குச்சி தருவார்கள்; அதை எண்ணித்தான் கூலி. பகல் முழுக்க மடியில் செருகி வைத்து, பொழுதுபட ஓவசியர் கையில் கட்டாகக் கொடுப்போம். வாக்குக்கும் அதே குச்சிதான், நுனியைச் சுண்ணாம்பில் தோய்த்து ஆளுக்கு ஒன்று. பழைய தோணிப் பாய்ச்சீலை ஒன்றை மறைப்பாகக் கட்டி அதற்குப் பின்னால் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம். கரியால் ஒன்றில் விளக்குப் படம், அது குருசுமுத்து. மற்றதில் நங்கூரம், அது நான். குச்சி விழும் சத்தத்தை வைத்து எந்தத் தகரம் என்று வெளியில் நிற்பவன் கண்டுபிடிப்பான் என்று யாரோ சொல்ல, நீங்களே போய்க் கடற்கரை மணலை அள்ளிவந்து இரண்டிலும் கொட்டினீர்கள். அந்த மணலில் குச்சி விழுந்த மெத்தென்ற சத்தம் இன்றும் என் நித்திரையில் கேட்கிறது. கனவில் கப்பலும் அப்படித்தான் வருகிறது, சத்தமே இல்லாமல், மணலில் வழுக்கிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாக்கெடுத்தோம். கொடுத்த குச்சி அறுபத்திரண்டு. விளக்கில் இருபத்தொன்பது, நங்கூரத்தில் இருபத்தாறு. ஏழு குச்சியைக் காணவில்லை. களவு என்று இரண்டு பக்கமும் எழும்பியது. நீங்கள் மணலைச் சாக்கில் கொட்டி இரண்டு தரம் அரித்துப் பார்த்தீர்கள். இல்லை.

மறுநாள் பொழுதுபட ஓவசியர் கத்திக்கொண்டு வந்தார். இறக்கிய மூட்டையைவிட ஆறு குச்சி கூட. ஆறிலும் நுனி வெள்ளை. எல்லாம் என் கூட்டத்து ஆட்கள் கொடுத்தவை. விசாரித்தால், பாய்ச்சீலைக்குப் பின்னால் போய், குச்சியால் நங்கூரத் தகரத்தைத் தொட்டுவிட்டு, திரும்ப மடியில் செருகிக்கொண்டு வந்திருக்கிறார்கள். குச்சியைக் கைவிட்டால் செய்ததற்குச் சாட்சி இல்லை என்பதுதான் எங்கள் வேலை படிப்பித்த நியாயம். ஆறு பேரில் மூத்தவர் பெரியதம்பி அண்ணை உங்களோடு வாதாடியது நினைவிருக்கிறதா?

"அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டால் போதும், தகரத்தைத் தொட்டால் போதாதோ தம்பி?"

ஆறையும் சேர்த்தால் எனக்கு முப்பத்திரண்டு. நான்தான் தலைவர். என் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கவே ஆயத்தமாகிவிட்டார்கள். குருசுமுத்துவின் ஆட்கள் வாக்கெடுப்பு முடிந்த கதை என்றார்கள். தீர்ப்புச் சொல்லவேண்டியவர் நீங்கள், என் மனைவியின் தமையன். நீங்கள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தீர்கள்.

"ஆறு பேரும் ஆருக்கெண்டு இப்ப ஊருக்கே தெரியும்" என்றீர்கள். "தெரிஞ்ச பிறகு போடுறது கை தூக்கிறது மாதிரித்தான். அதுக்கோ நாங்கள் பாய்ச்சீலை கட்டினனாங்கள்?"

ஆறு மாதத்துக்குக் குருசுமுத்து தலைவர். அதன்பின் எல்லோருக்கும் புதிதாக வாக்கெடுப்பு. இனிப் பாய்ச்சீலைக்குப் பின்னாலிருந்து வருகிறவன் இரண்டு கையையும் விரித்து, மடியையும் உதறிக் காட்டவேண்டும். இதைச் சங்கக் கொப்பியில் எழுதி, எழும்பி நின்று வாசித்தீர்கள். குருசுமுத்து கைநாட்டு வைத்தார். நானும் வைத்தேன்.

ஆனால் மச்சான், வாசிக்கும்போது நான் உங்கள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாதவனுக்குப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? உங்கள் கண் தாளின் அடிவரை போகவில்லை. இரண்டு வரி மிச்சம் இருக்கும்போதே நின்றுவிட்டது. அந்த இரண்டு வரிக்குக் கீழேதான் என் பெருவிரலை வைத்தேன்.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழாவது குச்சி வரவே இல்லை. அதை நீங்கள்தான் ஒளித்தீர்கள் என்றும், கொப்பியில் ஒன்று எழுதி வேறொன்றை வாசித்தீர்கள் என்றும் என் ஆட்கள் பேசினார்கள். "உன்ர மச்சான்ர பேனைக்கு ரெண்டு நாக்கடா" என்று தேநீர்க் கடையில் ஒருவன் சொன்னபோது நான் அவனை அடிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தேநீரைக் குடித்தேன்.

அடுத்த வாக்கெடுப்பில் நான் நேராகவே தோற்றேன். ஒரு குச்சியும் குறையவில்லை. அந்தத் தோல்வி மனதை அறுக்கவில்லை. வாசிக்காமல் விட்ட இரண்டு வரிதான் அறுத்தது. உங்கள் வீட்டுத் திருநாள் சாப்பாட்டுக்கு நான் பிந்தி வந்து முந்திப் போனதெல்லாம் அதனால்தான். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? பிறகு கப்பல் நின்றது. சண்டை வந்து ஊரும் இடம்பெயர்ந்தது. மடு மாதா கோயில் வளவில் ஒரு மரத்தின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தோமே, அப்போதும் நான் கேட்கவில்லை. ஒரு நாள் நீங்களும் கண்ணை மூடிவிட்டீர்கள்.

போன மாதம் உங்கள் வீட்டுக்காரி, மச்சாள் வந்தா. நான் எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கேள்விப்பட்டுச் சங்கக் கொப்பியைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்தா. எல்லா இடப்பெயர்விலும் அதை ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துக் காவித் திரிந்திருக்கிறா. "உங்கட கைநாட்டு இதுக்குள்ள கிடக்கு. இனி நீங்களே வாசியுங்கோ" என்று மடியில் வைத்துவிட்டுப் போனா.

அந்தத் தாளைக் கைநாட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். என் பெருவிரல் அவ்வளவு சின்னதாக இருந்ததா, மச்சான்? நீங்கள் வாசித்தது எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி இரண்டு வரிக்கு எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. வெயில் தரையில் விழுந்து, சுவரில் ஏறி, கூரைக்குப் போகும்வரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

'ஏழாவது குச்சி என்னுடையது. போட்டியிடுகிறவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர் என்பதால் நான் எவருக்கும் போடவில்லை.'

கொப்பியின் முதுகுத் தையலுக்குள், வலை நூலால் கட்டியபடி குச்சியும் இருந்தது. நுனியில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளை.

ஏன் வாசிக்கவில்லை மச்சான்? சொல்லியிருந்தால் களவுப் பேச்சு அன்றோடு முடிந்திருக்குமே. இருந்து யோசித்தேன். பிறகு திரேசாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் குச்சியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணன் என்னட்டை நங்கூரத்துக்குத்தான் போட்டனான் எண்டல்லோ சொன்னவர்" என்றாள்.

அதன்பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பியர் முழுவதற்கும் தீர்ப்புச் சொன்ன ஆளுக்குத் தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லப் பயம்! அதற்காகவா மச்சான் ஊரெல்லாம் கள்ளன் என்று சொன்னதைச் சுமந்தீர்கள்? அந்தப் பேச்சை நானும் அல்லவா உங்கள் முதுகில் ஏற்றிவிட்டேன்? தேநீர்க் கடையில் வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதற்கு என்னை மன்னியுங்கள்.

இன்னொரு செய்தி. இங்கே மீனவர் கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வருகிறது. இப்போது கடதாசியில் பெயருக்கு நேரே புள்ளடி போடுவதுதான். ஆனாலும் மறைப்புக்குப் பின்னாலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "அப்பிடித்தான் வழமை" என்கிறார்கள். எனக்குத் தெரியும். இந்த வருசம் தேர்தலை நடத்த வயதான ஒருவர் வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். திரேசாவின் தம்பிமகன் ஒருவன் போட்டியிடுகிறான்.

மச்சான், உங்களுக்கு வாக்குத் தருகிறேன். என் கடதாசியில் நான் புள்ளடி போடமாட்டேன். ஏன் போடவில்லை என்பதை எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று, தாளின் அடிவரை வாசிப்பேன். உங்கள் தங்கையும் முன் வரிசை வாங்கில் இருந்து கேட்பாள்.

உங்கள் கொப்பியில் என் பழைய கைநாட்டுக்குப் பக்கத்தில் இன்று காலை ஒரு வரி சேர்த்தேன்: 'நானே வாசித்தேன். சரியாக இருக்கிறது.' அதன் கீழே போட்ட பெயரைத்தான் இங்கேயும் போடுகிறேன். கோணல்தான், ஆனால் என் கை.

என்றும் உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்,
உங்கள் மச்சான்
சந்தியாகு