அணையாத வாசல் விளக்கு

அன்புள்ள வாலுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை அதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, பக்கத்து அறையில் ரேடியோக்காரனோடு தகராறு பண்ணிக்கொண்டிருக்கிறார். மாவுக்கட்டா என்று பதறாதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒன்று சொன்னால் அவர் குறுக்கே ஒன்பது சொல்வார், நீ அங்கே அழ ஆரம்பிப்பாய், அப்புறம் நான் யாரைத் தேற்றுவது? அதனால் ஓரிடத்தில் உட்கார்ந்து கடைசி வரை படி. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

சித்திக்குக் கண் ஆபரேஷன் என்று நான் போய்க் கூட இருந்தது உனக்குத் தெரியும். போகிறதென்று முடிவானதுமே எனக்கு உங்கள் அப்பாவைப் பற்றித்தான் கவலை. பேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு படுப்பார், விடியற்காலையில் குளிர் ஏறி நெஞ்சு கரகரவென்று ஆகும், நான்தான் எழுந்து நிறுத்துவேன். நான் இல்லாவிட்டால் யார் நிறுத்துவது? நீதான் டைமர் சுவிட்ச் போடச் சொன்னாய், பேனுக்கு ஒன்று, வாசல் விளக்குக்கு ஒன்று, பேட்டரி வைத்ததாக வாங்கு, கரண்ட் போனாலும் நேரம் தப்பாது என்று படித்துப் படித்துச் சொன்னாய். அப்பா கடைக்குப் போய் அதைப் பார்த்திருக்கிறார், பொத்தானெல்லாம் எள்ளு எள்ளாக இருக்கிறது, ஒன்றை அமுக்கினால் வேறொன்று வருகிறது, இதை எந்தப் பாவி கண்டுபிடித்தான் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, வட்டமாகக் கடிகாரம் போல இருக்கிற பழைய மாடலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள். எந்த நேரத்தில் எரிய வேண்டுமோ அந்த நேரத்துப் பற்களை உள்ளே தள்ளிவிட வேண்டும், வட்டம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கரண்ட் போனால் அதுவும் அப்படியே நின்றுவிடும், திரும்பி வந்ததும் நாம்தான் வட்டத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். நான் பார்த்துக்க மாட்டேனா என்று உங்கள் அப்பா மார் தட்டினார்.

எலக்ட்ரீஷியன் வந்த நாளைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். மெயினை அணைத்துவிட்டு வாசல் சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே நியூட்ரல் வயரே இல்லை, அது இல்லாமல் டைமர் ஓடாதாம். பக்கத்து அறைப் போர்டிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது, சுவரெல்லாம் தூசி. அப்பா ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு டார்ச் அடிக்கிறேன் பேர்வழி என்று அவருக்கே பாடம் எடுத்தார். சார், டார்ச்சை என் கண்ணுல அடிக்காம சுவத்துல அடிச்சீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன் என்று அவர் சொன்னதும் நான் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். கடைசியில் நேரம் வைக்கிற வேலையை மட்டும் அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வைத்தார், வைத்த அழகைக் கேள், பகலையும் இரவையும் மாற்றி வைத்துவிட்டார். ராத்திரி பேன் சுற்றவில்லை, புழுங்கித் தள்ளியது, மறுநாள் உச்சி வெயிலில் வாசல் விளக்கு ஜம்மென்று எரிகிறது.

அந்த விளக்கைப் பார்த்துத்தான் எதிர்வீட்டு டெய்லர் அக்கா கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். இந்தப் பழக்கம் நீ போன பிறகு வந்தது, உனக்குத் தெரியாது. அக்கா மகளும் கல்யாணமாகிப் போனபின் அங்கே அவர் ஒருத்தர்தான். ராத்திரி இரண்டு வீட்டு வாசல் விளக்கும் எரியும், காலையில் எழுந்ததும் அவரவர் விளக்கை அணைத்துவிடுவோம். விளக்கு அணைந்தால் எழுந்தாயிற்று, சௌக்கியம் என்று அர்த்தம். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. அன்றைக்கு அப்பாவுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. இனிமே எங்க லைட்டைப் பார்த்து ஓடி வராதீங்கம்மா, இனி நான் அணைக்கப் போறதில்ல, மிஷின் அணைக்கும் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். அக்கா கத்தரிக்கோலை மடக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். எனக்கு சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் ஊருக்குக் கிளம்புகிற அவசரம். பற்களைச் சரியாக மாற்றி வைத்து, வீட்டுச் சாவி ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் சில நாள் ஒரு குறையும் இல்லை. போன் செய்தால் நெஞ்சு கரகரப்பே இல்லடி, இந்த பேன் டைமர் உன்னைவிட ஒழுங்கா வேலை செய்யுது என்று கிண்டல் வேறு. அப்புறம் ஒரு நாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் வெகுநேரம் கழித்து வந்திருக்கிறது. அவருக்குத் தெரியாது. விடியற்காலையில் எழுந்து பாத்ரூமுக்குப் போனவர் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். கணுக்கால் மடங்கிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை, போன் கட்டிலில் கிடக்கிறது, கத்தினால் தெருவுக்குக் கேட்காது. அதோடு சர்க்கரை வேறு இறங்க ஆரம்பித்திருக்கிறது. முந்தின ராத்திரி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, தனியாக யார் சாப்பிடுவது என்று அரைகுறையாகச் சாப்பிட்டிருக்கிறார், இதற்கு அவரை நான் ஆயுசு முழுக்கத் திட்டுவேன். உடம்பு வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது என்கிறார். அந்த ஈரத் தரையில் படுத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தாராம், என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வாசலில் விளக்கு அணையவே இல்லை. கரண்ட் போன நேரமெல்லாம் டைமர் நின்று கிடந்ததே, அதனால் வெயில் வந்து தெருவே நடமாட்டமாக ஆன பிறகும் அதன் கணக்கில் இன்னும் ராத்திரிதான். டெய்லர் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறார். வராதீங்கன்னு சொன்ன மனுஷன், போனால் மறுபடி கத்துவார் என்று கொஞ்ச நேரம் பொறுத்திருக்கிறார். அப்புறம் என்ன நினைத்தார் என்று என்னிடம் அவரே சொன்னார். மிஷின் தப்பு பண்ணும், அதுல ஒண்ணும் இல்ல, ஆனா தப்பா ஓடுற மிஷினைப் பார்த்துட்டு உங்க வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா, இந்நேரம் ஸ்டூல் போட்டு ஏறி அதைத் திட்டிக்கிட்டு இருக்க மாட்டாரா, அவர் சத்தமே வரலையே, அதான் சாவியைக் கையில எடுத்துட்டேன் என்றார். வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ்ஸை ஒரு நிமிஷம் தாமதமாக எடுக்காதவர், சுவர்க் கடிகாரம் கொஞ்சம் பிந்தினாலே சாப்பாடு இறங்காதவர், அவரை அந்த அக்கா எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார் பார்.

சாவியைப் போட்டுத் திறந்து ஓடி வந்திருக்கிறார். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் உங்கள் அப்பாவுக்கு என்றைக்கும் கிடையாது, அதற்காக நான் கத்தாத நாள் இல்லை, இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டே ஆம்புலன்சுக்குச் சொல்லி, கூடவே போய், எனக்குப் போன் செய்தபோது, ஒண்ணும் இல்ல, கணுக்கால்தான், பதறாம வாங்க என்றுதான் ஆரம்பித்தார். நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க, இன்னும் கொஞ்சம் போயிருந்தா நினைவே தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னார். நான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது, அதனால்தான் உனக்கு எழுத முடிகிறது.

நீ சொன்ன பேட்டரி டைமரை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். கரண்ட் போனாலும் அது நேரம் தப்பாமல் விளக்கை அணைத்திருக்கும், அக்காவும் எல்லாம் சரியாத்தான் இருக்கு என்று தன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பார். உன்மேல் குறை சொல்லவில்லை கண்ணு, யாருக்குத் தெரியும்? ஆனால் உங்கள் அப்பா அலட்டலைத்தான் தாங்க முடியவில்லை, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், வட்ட மாடலை நான் பார்த்து வாங்கினேன், அதான் பிழைச்சேன் என்கிறார். அக்காவிடம் மட்டும் அந்த ஜம்பம் எடுபடவில்லை. நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்கம்மா என்று இவர் தொண்டையைச் செருமினார், அவர் சிரித்துக்கொண்டே, லுங்கி ஓரம் பிரிஞ்சிருக்கு, கழட்டிக் குடுத்தனுப்புங்க, தைச்சுத் தரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எலக்ட்ரீஷியனை மறுபடி கூப்பிட்டு வாசல் டைமரைக் கழற்றிவிட்டோம். பேன் டைமர் இருக்கிறது, அது நல்ல பிள்ளை, அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாசல் விளக்கைக் காலையில் நான்தான் கையால் அணைக்கிறேன், அணைத்துவிட்டு எதிரே பார்ப்பேன், அங்கேயும் அணையும். அப்படி நிற்கிற ஒரு காலையில்தான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ அங்கே ஒண்டியாக இருக்கிறாய். உன் ஜன்னலில் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று பார்க்க எதிரே யார் இருக்கிறார்கள்?

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. தினமும் எழுந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்பு. நலமா என்றெல்லாம் எழுத வேண்டாம், ஒரு புள்ளி வைத்து அனுப்பினால் போதும், வரவில்லை என்றால் நான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. தானாகவே போய்விடுகிற மாதிரி போனில் எதையாவது அமைத்து வைத்துவிடாதே, உன்னைப் பெற்றவள் நான், உன் புத்தி முதலில் அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியும். நீ எழுந்து, உன் விரலால் அனுப்பு.

நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, உங்கள் அப்பா மாதிரி.

நாளைக் காலையிலிருந்து உன் புள்ளிக்குக் காத்திருக்கும்
அம்மா