ஆர்லீனுக்கு வராத கல்

மார்ச் 4
என் மனைவி ஆர்லீன் போய்ப் பதினான்கு மாதம். கல்லறையில் இன்னும் அந்தத் தகரப் பெயர்ப்பலகைதான். சாய்ந்து கிடந்தது, நிமிர்த்திவிட்டு வந்தேன். ஜார்ஜியாவில் இருக்கிற கல்லறைக் கல் கம்பெனிக்குப் பாதிப் பணம் எப்போதோ கட்டியாயிற்று. போன் செய்தேன். இயந்திரம் செய்தி விடச் சொன்னது. வைத்துவிட்டேன்.

மார்ச் 5
தபால் பெட்டி நிரம்பிவிட்டது என்று தபால்காரர் கதவைத் தட்டினார். வாரிக்கொண்டு வந்து அடுப்படி இழுப்பறையில் போட்டேன். போன் அடித்தது. மகள் ஜோலினாக இருக்கும். எடுக்கவில்லை.

மார்ச் 11
கோர்ட்டுக்குப் போய்ச் சிறு தொகை வழக்குப் போட்டேன். மனு வாங்கும் ஜன்னலில் பெர்னிஸ், ஆர்லீனோடு சர்ச்சில் பாடியவள்.
"வெளி மாநிலக் கம்பெனின்னா கடைப் பேரு செல்லாது வெர்ன். பதிவுல இருக்கற பேரைப் போடு. கோர்ட் கடுதாசி வாங்கன்னே ஒரு ஆள் வெச்சிருப்பாங்க, அவருக்குத்தான் அனுப்பணும்."
"இங்கயே வழக்குப் போடலாமா?"
"கல்லு இந்தியானாவுக்குத்தானே வரணும்? போடலாம்."
என்ன வேண்டும் என்ற கட்டத்தில் 'கல்' என்று எழுதினேன். அதை அடித்துவிடச் சொன்னாள். "இங்க பணந்தான் வாங்கித் தருவாங்க."
கட்டிய பாதிப் பணம், 1,850 டாலர் என்று எழுதினேன்.

மார்ச் 27
மளிகைக் கடையில் பெர்னிஸ். கம்பெனிக்காரர்கள் கோர்ட் கடிதத்தைக் கையெழுத்திட்டு வாங்கிவிட்டார்களாம். விசாரணை ஏப்ரல் 16. "உனக்கும் தபால்ல வரும், பிரிச்சுப் பாரு." சரி என்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டப்பா சூப் வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 9
மழை.

ஏப்ரல் 16
கோர்ட்டில் விசாரணை. கம்பெனி சார்பில் ரொவீனா என்ற பெண் போனில் பேசினாள். "கல்லு பத்து மாசமாத் தயாரா நிக்குதுங்க. கல்லுல வெட்டற எழுத்துக்கு மாதிரித்தாள் நாலு தடவை அனுப்பினோம். அவர் கையெழுத்து இல்லாம எழுத்து வெட்ட மாட்டோம், வெட்டினா அழிக்க முடியாதே. போன் பண்ணா எடுக்கறதே இல்ல."
நீதிபதி கேட்டார். "தாள் வந்துச்சா, மிஸ்டர் ஹாஸ்கெட்?"
"தெரியலைங்க. தபாலைப் பிரிக்கறதில்ல."
திட்டியிருந்தால் தேவலை. இரண்டு வாரம் தள்ளிவைத்தார். "வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாருங்க" என்றார், மெதுவாக.

அன்றே, மாலை
இழுப்பறையில் நாலு கவரும் இருந்தன. ஒன்றைப் பிரித்தேன்.
ஜோடிக் கல், இருவருக்கும் சேர்த்து ஒன்று. இங்கே எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இடப்பக்கம் ஆர்லீன், பிறந்த வருடம், இறந்த வருடம் இரண்டும் போட்டு. வலப்பக்கம் என் பெயர், வெர்னன், 1949, ஒரு கோடு. அதற்கப்புறம் வெற்றிடம்.
முதல் கவர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மேலே ஜார்ஜியா என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டேன்.
ஏண்டா வெர்ன்? அந்தக் கோட்டைப் பாக்கவா பயந்தே? உன் பேரு ஏறக் கூடாதுன்னு அவளையும் கல்லுல பேரில்லாம படுக்க வெச்சிருந்தியா?

ஏப்ரல் 17
கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வழக்கைத் திரும்பப் பெற்றேன்.

ஜூன் 6
கல் நட்டார்கள். வேலையாள் வலப்பக்கப் பெயரைத் தட்டி, "இது யாரு, நீங்களா?" என்றான்.
"ஆமா."
"மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். "அப்பா?" என்றாள் ஜோலின். அப்புறம் கொஞ்ச நேரம் அவளால் பேச முடியவில்லை. வைக்காமல் இருந்தேன்.