கண்ணாடித் தட்டில் என் விரல்

மாதா துணை

மன்னார்புரம், திருச்சி
3-10-1959

அன்புத் தங்கை இருளாயிக்கு, ஹாஸ்டல் சமையல்கார சகாயம்மாள் எழுதுவது. நான் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீயும், உன் அண்ணன் வீட்டாரும், உன் மாடுகள் செவலையும் மயிலையும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் அண்ணன் ஊர் மணப்பாறைக்குப் பக்கம் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். சரியான விலாசத்தைக் காஜா மைதீன் கடையில் கேட்டு வாங்கினேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரரையே படிக்கச் சொல். ரகசியமாகப் படிக்க வேண்டாம். உன் அண்ணி காதிலும் அக்கம்பக்கத்தார் காதிலும் விழும்படி உரக்கப் படிக்கட்டும்.

மாதா பிறந்தநாள் விருந்தன்று நம் ஹாஸ்டலில் முப்பத்தெட்டுப் பெண்கள் வாந்தியெடுத்து விழுந்தார்களே, அதற்குக் காரணம் உன் பால் இல்லை. இதை இரண்டு தரம் படிக்கச் சொல். உன் பால் இல்லை.

அந்தப் பெண்கள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். பேட்ரிசியா என்று ஒரு ஒல்லிப் பெண், உன் செவலைக்கு வாழைப்பழத்தோல் கொடுப்பாளே, அவளுக்குத்தான் விடியும்வரை கையில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். இப்போது அவளும் இரண்டு தோசைக்குமேல் மூன்றாவது கேட்கிறாள். மறுநாள் காலையில் நீ பால் கேனோடு வந்தபோது கேட்டைச் சாத்திவிட்டார்கள். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீயாவது சொல்லுக்கா, நான் குட்டைத்தண்ணி கலக்குறவளா?" என்று கேட்டாய். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மற்ற வீடுகளிலும் உன் பாலை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் நாள் நீ இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் நடந்து போனதைக் காஜா மைதீன்தான் சொன்னார்.

கேட்டைச் சாத்திய பிறகு உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். நம் மாடி அறையில் டோரதி மிஸ் இருக்கிறார் அல்லவா, காலேஜில் செடிகொடி பாடம் நடத்துகிறவர், எப்போதும் பையில் தழையும் வேருமாகத் திரிகிறவர். விருந்தன்று அவர் ஸ்ரீரங்கத்துத் தோப்புகளில் மூலிகை பறிக்கப் போயிருந்தார். விருந்து சாப்பிடாமல் திரும்பியவர், ஒவ்வொரு பெண்ணாக யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதினார். அதே பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, விருந்துக்கு நான் பாலில் செய்த கஸ்டர்டு என்ற இனிப்பைச் சாப்பிடாதவர்கள் பதினோரு பேர். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அப்படின்னா பால் இல்ல. கஸ்டர்டுலதான் என்னவோ" என்றார். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து எடுத்துப் போனார். பிறகு சமையற்கட்டில் இருக்கும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பஞ்சு சுற்றிய குச்சியால் கையையும் மூக்கின் உள்பக்கத்தையும் தடவிக்கொண்டு போனார். தான் மட்டும் சும்மா இருப்பானேன் என்று ஹாஸ்டலை நடத்தும் மதரும் மூக்கைக் காட்டினார்.

மூன்று நாள் கழித்து மிஸ் என்னைக் காலேஜ் ஆராய்ச்சி அறைக்கு அழைத்துப் போனார். அங்கே பார்த்ததை எப்படிச் சொல்வேன்! உள்ளங்கை அகலத்தில் மூடியோடு கண்ணாடித் தட்டுகள். உள்ளே இறைச்சிச்சாற்றைக் கடல்பாசியில் காய்ச்சி ஊற்றி உறைய வைத்திருந்தார்கள். நோன்பு மாதத்தில் காஜா மைதீன் வீட்டிலிருந்து வருமே, அதே கடல்பாசிதான். அதன்மேல் பொன்மஞ்சளாகப் புள்ளிகள், ரவையை அள்ளித் தூவியதுபோல. "இது கஸ்டர்டுல இருந்து வளர்ந்தது" என்றார் மிஸ். இன்னொரு தட்டை எடுத்தார். அதே பொன்மஞ்சள், அதே ரவை. "இது உங்க விரல்ல இருந்து வளர்ந்ததுங்க, சகாயம்மா."

என் வலது கையில் நகச்சுத்து வந்து வீங்கியிருந்தது உனக்கே தெரியும்.

நான் நம்பவில்லை. "கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேனே மிஸ்" என்றேன். "காய்ச்சி ஆறினதுக்கு அப்புறம்தானே வாழைப்பழத்தைக் கையால பிசைஞ்சு போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பின் மத்தியானத்திலிருந்து சாயங்காலம்வரை அந்த அண்டா அடுப்படிச் சூட்டிலேயே இருந்தது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் கிருமி ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அரைமணிக்கு ஒரு தரம் இரட்டித்துக்கொண்டே போகுமாம். அது கக்குகிற நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லையாம். நானே ஒரு துளி ருசி பார்த்துத்தான் பரிமாறக் கொடுத்தேன், இருளாயி. தேனாக இருந்தது.

பிறகு ஒரு குழாய் வழியாகக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் என் இமைதான் தெரிந்தது. மிஸ் எதையோ திருகினார். சட்டென்று வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் ஊதா நிறத்தில் திராட்சைக் குலைகள்! சாயம் ஏற்றியதால் ஊதாவாம். குலை குலையாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணித் தீராமல். அத்தனையும் உயிராக இருந்தவை. ஒரு ஊசிமுனையில் வழித்தது அவ்வளவு என்றார். சிலுவை போட்டுக்கொண்டேன். முப்பது வருஷமாகக் கரண்டி பிடிக்கிறேன். என் கையோடு இப்படி ஒரு கூட்டம் திரிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லையே. பயம் என்று சொல்ல முடியவில்லை. திருநாளில் தேரைப் பார்க்கும்போது நெஞ்சு விம்முமே, அப்படி இருந்தது. மிஸ் தயிரையும் ஒரு துளி வைத்துக் காட்டினார். அதிலும் குச்சி குச்சியாக, மணி மணியாகக் கோடி உயிர்கள். அவைதான் பாலை உறைய வைக்கின்றனவாம். ஆக்குகிறதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜாதிதான், அழிக்கிறதும் அதுதான். நாம் நடுவில் நின்றுகொண்டு உப்புப் புளி பார்க்கிறோம்.

ஒரு சந்தோஷ சேதி சொல்கிறேன். விருந்துக்கு நாலு நாள் முன்பு என் விரலைப் பார்த்து, "குப்பைமேனித் தழையையும் மஞ்சளையும் அரைச்சு வச்சுக் கட்டுக்கா" என்று நீ சொன்னாய். நான் கேட்காமல் கந்தலைச் சுற்றிக்கொண்டேன். இதை மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அதே புள்ளிகளை ஒரு புதுத்தட்டில் விதைத்தார். நடுவில் சின்னக் குழி தோண்டி, குப்பைமேனிச் சாற்றை ஒரு சொட்டு விட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால், தட்டு முழுக்க மஞ்சள் பூத்திருக்கிறது, குழியைச் சுற்றி மட்டும் காசு அகலத்துக்குத் துடைத்துவிட்டாற்போல வட்டம். உள்ளே ஒன்றுகூட முளைக்கவில்லை. சந்திரனைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அதுபோலத் தெளிவான வட்டம். இன்னும் பலதரம் செய்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்கிறார் மிஸ். ஆனால் தன் நோட்டில் அந்தப் பக்கத்தின் தலையில் உன் பெயரை எழுதியிருக்கிறார். நானே படித்துப் பார்த்தேன். 'இருளாயி சொன்னது' என்று இருக்கிறது.

இனி சொல்லப்போவதுதான் கஷ்டம். தபால்காரரே, தயவுசெய்து இதையும் விடாமல் படியுங்கள்.

அன்று பெண்கள் விழுந்துகொண்டிருந்தபோது மதர் சமையற்கட்டுக்கு ஓடிவந்து, "சகாயம், எதுல கோளாறு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு வேறு வீடு கிடையாது, இந்தச் சமையற்கட்டை விட்டால் போக்கிடம் கிடையாது. "பால் இன்னிக்கு ஒரு மாதிரி நீர்த்துத்தான் இருந்துச்சு மதர்" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன், இருளாயி. நீர்த்து இல்லை. ஆடை விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. மதர் உன்மேல் தானாகச் சந்தேகப்படவில்லை.

மிஸ் என்னிடம், "மதர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். நீங்க முந்திக்கிட்டா நல்லது" என்றார். அன்று சாயங்காலமே போனேன். விரலைச் சொன்னேன். விரலோடு நிறுத்திவிடலாம் என்று மனசு இழுத்தது. பாலைப் பற்றிச் சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். மதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். பெட்டியைக் கட்டச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் மிஸ் தட்டுகளோடு வந்தார். எடுத்த ஆறு மூக்குகளில் இரண்டில் அதே பொன்மஞ்சள் வளர்ந்திருந்தது. அதில் ஒன்று மதருடையது. நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் மூக்கிலும் அது குடியிருக்குமாம். மதர் அந்தத் தட்டை வாங்கி வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு தெரியாம இருந்துக்கிட்டு, ஒரு பொம்பளைய கேட்டுக்கு வெளியே நிறுத்திட்டேனே" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு ஹாலில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து, உன்மேல் குற்றம் இல்லை என்று மதரே சொன்னார். நீ பால் ஊற்றிய வீடுகளுக்கும் தானே நடந்து போய்ச் சொல்லி வந்தார். இந்தக் கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்தும் ஹாஸ்டல் முத்திரையும் இருக்கும். தபால்காரர் அதை உன் அண்ணிக்குக் காட்டட்டும்.

விரல் ஆறி, தட்டில் ஒன்றும் முளைக்காத வரைக்கும் நான் சமைக்கக் கூடாது என்று உத்தரவு. முற்றம் பெருக்குகிறேன், விறகு அடுக்குகிறேன். அது நியாயம்தான்.

இப்போது வேறு ஒருவர் பால் ஊற்றுகிறார். மதர் அவரிடம் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிவரைதான் என்று சொல்லி வைத்திருக்கிறார். நீ வருவாய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த ரோட்டில் நீ நடந்த தூரத்தை நான் இங்கே இருந்து அளக்க முடியாது. செவலை நிறைமாசம் என்றாய். தாயும் கன்றுமாக நல்லபடியாகப் பிரியட்டும். உன் கைராசி உன்னோடு இருக்கட்டும்.

வர மனமில்லை என்றால் அதைச் சொல்வதற்காவது ஒரு நடை வா, இருளாயி. என்னை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போ. கேட்டைத் திறந்துவைக்கும் வேலையையும் நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
சகாயம்மாள்