மிச்சமிருந்த ஒரு கிலோ

பாப்பாவுக்கு,

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில், பழப்பெட்டி நிறுக்கும் தராசில் இன்று ஏறி நின்றேன். "யக்கா எறங்கு, பெட்டி வருது" என்று சூப்பர்வைசர் கத்தும்வரை இறங்கவில்லை. அறுபத்தொன்பது. எட்டு கிலோ குறைந்தால்தான் என் கிட்னியை உனக்கு வைக்க முடியும் என்று டாக்டர் சொன்னாரே, அந்த எட்டும் குறைந்துவிட்டது. ஏழு குறைந்ததை நீயே பார்த்தாய். மிச்சம் ஒரு கிலோதான் இவ்வளவு நாள் இழுத்தது.

உனக்கு வேலையில் கொடுத்த கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில்தான் நடக்கிறேன். முட்டி அதேபோலத்தான் வலிக்கிறது. கடைசியாக நாம் போன அன்று, டயாலிசிஸ் முடிந்த களைப்போடு கரைக்கல்லில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு சுத்து போம்மா" என்றாய்.

"உக்காந்துக்கிட்டு நீ சொல்லுவ. வலிக்கறவளுக்குத்தான் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன். அந்தச் சுற்றை நடக்காமலே உன்னைக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது தினமும் ஒரு சுற்று கூடுதலாக நடக்கிறேன்.

உன் காரியத்துக்கு வந்த பெரியம்மா இன்னும் ஊருக்குப் போகவில்லை. நான் ஷூவை மாட்டினாலே, "இனி யாருக்காகடி நடக்கற?" என்று அழுகிறாள். நான் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

நேற்று என் முட்டி வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வலி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நான் போடவில்லை. அதைப் போட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அம்மா